செய்தியும் சான்றும்: மட்டாஞ்சேரியை இணையத்தில் தேடும் ஆய்வாளர்

கும்பளங்கி என்னும் பெயரை இணையத்தில் இட்டுத் தேடும் மாணவருக்கு முதலில் கிடைப்பது 2019இல் வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ திரைப்படம்; அடுத்து விடுதிகள், சீனவலைகள், படகுச் சவாரி. மட்டாஞ்சேரியைத் தேடினால் அரண்மனை, யூதர் தெரு, கொச்சி-முசிறிஸ் பினாலே. இவ்வட்டாரத்தின் கலைவாழ்வைப் பற்றி எழுத முனையும் ஆய்வாளருக்கான இடர் இங்கேயே தொடங்குகிறது. தேடுபொறி தருவது பெரும்பாலும் மிகுதியாகப் பார்க்கப்பட்டவற்றின் வரிசை. அதைக் காலவரிசை என்றோ மதிப்பு வரிசை என்றோ மயங்கிவிடுவது எளிது.

கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகியோரின் முயற்சியில் 2012 டிசம்பர் 12 அன்று முதல் பினாலே தொடங்கியது. ஆஸ்பின்வால் ஹவுஸ், பெப்பர் ஹவுஸ் முதலிய பழைய வணிகக் கட்டடங்கள் காட்சிக்கூடங்களாயின. அக்கூடங்களுக்கென்றே அமைக்கப்பட்ட நிர்மாணக் கலைப்படைப்புகள் சில மாதங்களே நின்று, பின் பிரித்தெடுக்கப்படுகின்றன. எஞ்சுவன சில ஒளிப்படங்கள், ஒரு விளக்கக் குறிப்பு, ஓரிரு விமர்சனங்கள். நேரில் காணாத தலைமுறைக்கு அந்த எச்சங்களே படைப்பின் இடத்தில் நிற்கும். ஆகவே, இணையத்தில் எது தங்குகிறது, எது மறைகிறது என்பது கலைவரலாற்றின் உள்ளடக்கத்தையே தீர்மானிக்கும் கேள்வியாகிறது.

கலைச்செய்திகளைப் படிப்போர் முதலில் கற்க வேண்டியது எண்ணிக்கையை நம்பாமை. ஒரு கண்காட்சியைப் பற்றிப் பத்து இதழ்களில் செய்தி இருக்கலாம். வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பலவும் அமைப்பாளர் அனுப்பிய ஒரே செய்திக்குறிப்பின் மறுபதிப்பாக இருக்கக் காணலாம். கல்வெட்டொன்றின் பத்துப் படிகளைப் பத்துக் கல்வெட்டுகளாக யாரும் எண்ணுவதில்லை. அந்த ஒழுக்கம் இங்கும் தேவை.

இரண்டாவது, தேதியைச் சரிபார்த்தல். சிங்கப்பூர்க் கலைஞர் ஷுபிகி ராவ் நெறிப்படுத்திய ஐந்தாம் பினாலே 2022 டிசம்பர் 12 அன்று தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. இறுதி நேரத்தில் டிசம்பர் 23க்குத் தள்ளிவைக்கப்பட்டது. முன்கூட்டியே எழுதப்பட்ட கட்டுரைகள் பழைய தேதியைத்தான் தாங்கி நிற்கும். அவற்றை மட்டும் படித்தவர் நடக்காத ஒரு தொடக்க விழாவை மேற்கோள் காட்ட நேரும். ஏற்பாட்டுக் குறைகளைச் சுட்டி, பங்கேற்ற கலைஞர்கள் பலர் கையொப்பமிட்ட திறந்த மடல் இ-ஃப்ளக்ஸ் தளத்தில் வெளிவந்தது. விழாக்கால அறிமுகக் கட்டுரைகளில் காணக் கிடைக்காத உழைப்பின் வரலாறு அத்தகைய மடல்களில்தான் பதிவாகிறது.

மூன்றாவது, செய்தியிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல். 2018ஆம் ஆண்டுப் பினாலேயை நெறிப்படுத்தியவர் அனிதா துபே என்பது செய்தி. அவர் யார் என்று தேடத் தொடங்குபவர், 1987இல் பரோடாவில் கே.பி. கிருஷ்ணகுமார் முதலிய மலையாளக் கலைஞர்கள் முன்னின்று நடத்திய ‘கேள்விகளும் உரையாடலும்’ கண்காட்சியையும், அதற்குத் துபே எழுதிய அறிக்கையையும் சென்றடைவார். 1989இல் கிருஷ்ணகுமார் மறைந்தபின் கலைந்துபோன அந்த இயக்கத்தை அறியாமல் 2018ஐ முழுமையாகப் படிக்க இயலாது.

இவ்வாறு பின்னோக்கிச் செல்ல உதவும் இடங்கள் உள்ளன. ஹாங்காங்கில் 2000இல் நிறுவப்பட்ட ஏசியா ஆர்ட் ஆர்க்கைவ், கீதா கபூர், விவான் சுந்தரம், குலாம் முகமது ஷேக், ஜோதி பட் முதலியோரின் தனிச்சேகரங்களை எண்மப்படுத்தி வைத்துள்ளது. தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் வெளிவந்த கலை எழுத்துகளுக்கு அதன் தெற்காசிய நூலடைவு ஒரு வாயில். பெங்களூரின் மேப் அகாடமி இந்தியக் கலை பற்றிய கலைக்களஞ்சியத்தைக் கட்டணமின்றி வழங்குகிறது. மறைந்த பக்கங்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் துணை. எனினும் அதுவும் முழுமையான மீட்பன்று. ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 இறுதியில் நின்றபோது, அதில் அமைந்த கலைஞர் தளங்கள் பல உலாவிகளில் திறவாமற்போயின.

பெயர்களும் ஒரு தடை. 1966இல் சோழமண்டலம் கலைக்கிராமத்தை உருவாக்கியதில் முதன்மையானவர் கே.சி.எஸ். பணிக்கர். அவர் பெயரின் பின்பகுதி ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதப்படுகிறது. ஒன்றைத் தேடியவருக்கு மற்றவை தப்பிவிடும். தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியே தேடுபவருக்கே முழுச்சித்திரம் கிட்டும். சென்னைக்கும் கேரளத்துக்கும் இடையே கலைஞர்கள் தடையின்றிச் சென்றுவந்தனர். இன்றைய தேடற்பெட்டிகளில் அவ்வழி எழுத்துக்கூட்டலால் அறுபடுகிறது.

இவ்வட்டாரத்தை ஆய்வோர் செய்யத்தக்கன எளியவையே. படித்த பக்கத்தின் முகவரியோடு பார்த்த தேதியையும் குறித்தல். அப்பக்கத்தை அன்றே வேபேக் மெஷினில் சேமித்தல். ஒளிப்படத்தின் கீழ் எடுத்தவர், இடம், நாள் ஆகியவற்றை எழுதுதல். கண்ட படைப்பைப் பற்றித் தமிழில் ஒரு பத்தியேனும் பொதுவெளியில் வைத்தல். கும்பளங்கியைத் தேடும் அடுத்த மாணவருக்குத் திரைப்படத்துக்கும் விடுதிகளுக்கும் அப்பால் ஏதேனும் கிடைக்க வேண்டுமெனில், அதை யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.