நெருப்புக்கு ஆகாத கல்

மணலியில் நெருப்போடு பிழைப்பவர்கள் இரண்டு வகை. 1969இல் ஓடத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், அதைச் சுற்றி எழுந்த உர, ரசாயன ஆலைகளும் வளர்த்தெடுத்த பாய்லர், வெல்டிங், பிரஷர் வெசல் ஆட்கள் ஒரு வகை. கடைத்தெருச் சந்துகளில் ஊதுகுழலும் அரக்கும் சாமணமுமாக உட்கார்ந்திருக்கும் பத்தர்கள் இன்னொரு வகை. அக்கா மகள் மோதிரத்துக்குச் செவ்வந்திக்கல் வேண்டும் என்றாள். சூடேற்றாத, இயற்கையான கல்லாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். அதைத் தேடிக் கிளம்பியபோது இந்த இரண்டு தரப்பின் அறிவும் தேவைப்பட்டது.

முதலில் பத்தர். அவர் கல்லின் அழகைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, இது நெருப்புக்கு ஆகாத கல்லு. வைரம்னு நெனச்சு கொக்கிமேல ஊதிட்டா, ஊதா போயி மஞ்சளா நிக்கும். அப்புறம் என்ன பண்ணாலும் பட்டறையில வராது” என்றார்.

அவர் கைப்பழக்கத்தில் அறிந்ததற்குப் படிகவியலில் காரணம் இருக்கிறது. செவ்வந்திக்கல் என்பது குவார்ட்ஸ்தான். அதற்குள் துளியளவு இரும்பு. சுற்றியுள்ள பாறையிலிருந்து காலங்காலமாகப் பட்ட இயற்கைக் கதிர்வீச்சு. இரண்டும் சேர்ந்து ஊதா நிறம் தருகின்றன. சுமார் 400 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பல கற்களில் அந்த நிறம் வெளுக்கும். மேலும் ஏறினால் மஞ்சளோ பழுப்போ ஆகும். 573 டிகிரியில் குவார்ட்சின் உள்கட்டமைப்பே மாறுவதால் விரிசல் விடவும் கூடும். தங்கத்தில் பொடி வைத்துப் பற்றவைக்கும் சூடு இதையெல்லாம் தாண்டியது.

சந்தையில் சிட்ரின் என்று விற்கும் மஞ்சள் கற்களில் பெரும்பகுதி இப்படிச் சூடேற்றிய செவ்வந்திக்கல்தான். சிட்ரின் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. அதையே கனக புஷ்பராகம் என்று ராசிக்கல் தேடி வருபவர் விரலில் மாட்டிவிடுவதுதான் மோசடி. கனக புஷ்பராகத்தின் கடினம் மோஸ் அளவில் 9, இதற்கு 7.

கல் வாங்கச் சவுகார்பேட்டைக்குப் போக வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து பாரிமுனை சேர்ந்தோம். கூடவே சித்தப்பா, ஆலை ஒன்றில் உயர் அழுத்தக் கலன்களைப் பராமரித்து ஓய்வுபெற்றவர். குறுகிய மாடிப்படி ஏறிய கடையில் வியாபாரி மடித்த காகிதப் பொட்டலங்களைப் பிரித்து வரிசையாக வைத்தார். பிரேசில், உருகுவே, ஜாம்பியா என்று ஊர் வாரியாகப் பிரித்திருந்தார்.

பார்க்க வேண்டியவற்றை வியாபாரியின் உதவியாளரே சொல்லித் தந்தார். கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறையும் மஞ்சள் பல்பின் கீழ் ஒருமுறையும் பார்க்க வேண்டும். நல்ல கல்லில் பல்பின் கீழ் ஒரு செந்நிறச் சாயல் எழும். வெள்ளைத் தாள்மேல் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டு பக்கவாட்டில் பார்த்தால், ஊதா ஒரே சீராக இல்லாமல் கோணக்கோணமான பட்டைகளாக நிற்பது தெரியும். இயற்கையில் வளர்ந்ததற்கு அது ஒரு சாடை. முடிவான சான்று அல்ல. உருண்டைக் குமிழ்கள் தெரிந்தால் கண்ணாடியாக இருக்கலாம். பத்து மடங்கு லென்சில் புலிவரி போன்ற கோடுகள் தெரிந்தால் நல்ல அறிகுறி. கல்லை அச்சடித்த எழுத்தின்மேல் வைக்கும்போது நடுவில் எழுத்து தெளிவாகப் படிக்க வந்தால் பட்டை தீட்டியதில் ஆழம் போதவில்லை. ஒளி திரும்பாமல் அடியில் ஒழுகிவிடும்.

“செயற்கைக் கல் எப்படிப் பண்றாங்க?” என்று சித்தப்பா கேட்டார். தடித்த எஃகு ஆட்டோகிளேவில், 300 டிகிரிக்கு மேல் சூட்டில், மிக உயர்ந்த அழுத்தத்தில், கரைந்த குவார்ட்ஸ் விதைத் தகட்டின்மேல் வாரக்கணக்கில் படியும். இரும்பு சேர்த்து வளர்த்த பிறகு, கோபால்ட்-60இன் காமா கதிர் பாய்ச்சினால் ஊதா வரும். 1970களில் சோவியத் ஒன்றியத்தில் இது வணிக அளவுக்கு வந்தது. சித்தப்பா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிரஷர், டெம்பரேச்சர், டைம். பூமிக்கு ஒரு வெசல், நமக்கு ஒரு வெசல். பொருள் ஒண்ணுதானே, அப்ப கண்ணால எப்படிப் பிரிக்க முடியும்?” என்றார்.

பெரும்பாலும் முடியாது. குறையே இல்லாத தெளிவான செயற்கைக் கல்லை லென்ஸ் காட்டிக்கொடுக்காது. அகச்சிவப்பு நிறமாலை பார்க்கும் ஆய்வகம் வேண்டும். சிறிய கல்லுக்கு ஆய்வுக் கட்டணம் கல்லின் விலையையே எட்டிவிடும் என்பதால் பலர் அங்கே போவதில்லை. மிதமான சூடு மட்டும் காட்டிய கல்லாக இருந்தால் ஆய்வகமே உறுதி சொல்லத் தயங்கும். ஆகவே ‘நோ ஹீட்’ என்பது கடைசியில் கல் கடந்துவந்த கைகளின் வாக்குமூலம்தான். யார் வெட்டினார், யாரிடம் வாங்கினீர்கள், இதற்கு என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு கையையும் கேட்க வேண்டும். வாங்கிய இடத்தைச் சொல்லத் தயங்காத வியாபாரியின் பொட்டலத்திலிருந்து, நிற அடர்த்தி கொஞ்சம் குறைந்த ஒரு கல்லை எடுத்தோம்.

கல் வெட்டும் இந்தக் கைத்தொழில் நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. நொய்யல் கரையின் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில், நீலக்கல், பச்சைக்கல், சூதுபவளம், செவ்வந்திக்கல் மணிகளும் அவற்றைச் செய்த கழிவுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுவே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பிரேசிலின் பெரும் சுரங்கங்கள் 19ஆம் நூற்றாண்டில் திறந்து விலையைச் சாய்க்கும்வரை இக்கல் மாணிக்கம், மரகதத்தோடு எண்ணப்பட்டது. இன்று விலை குறைவு; அதனாலேயே வாங்குபவர் கேள்வி கேட்பதில்லை, விற்பவரும் பதில் வைத்திருப்பதில்லை.

கல்லோடு பட்டறைக்குத் திரும்பியதும் பத்தரின் வேலை வரிசையே வேறாக இருந்தது. வளையம், கூடு, கொக்கி எல்லாவற்றையும் பற்றவைத்து, அமிலத்தில் வெளுத்து, மெருகேற்றி, ஆறவிட்ட பிறகே கல்லைத் தொட்டார். கொக்கியைக் கையழுத்தத்தால் மட்டும் மடக்கினார். கல்லின் விளிம்பில் சாமணம் படவில்லை. பூமியிலிருந்து சுரங்கக்காரர், பட்டை தீட்டுபவர், வியாபாரி என்று சூடு படாமல் வந்த கல்லைக் கடைசியில் கெடுக்கக்கூடியது அவருடைய கைதான். அந்தப் பொறுப்பு அவருக்குத் தெரிந்திருந்தது.

எனவே வாங்குபவருக்கு என் யோசனை இரண்டு. ரசீதில் ‘இயற்கைச் செவ்வந்திக்கல், சூடேற்றப்படாதது’ என்று எழுதி வாங்குங்கள்; எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். பிறகு எப்போது மோதிரத்தின் அளவை மாற்றினாலும், கல்லைக் கழற்றி உங்கள் கையில் தந்துவிட்டு ஊதச் சொல்லுங்கள்.