மார்கழியும் மன்னர் கல்லூரியும்

புதுக்கோட்டைச் சீமையில் குளிர் என்று ஒன்று உண்டா என மலைநாட்டார் நகைக்கக்கூடும். நெருப்பு மூட்டிக் காயும் குளிர் இங்கில்லை என்பது மெய்யே. ஆயினும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கண்மாய்களில் நீர் தேங்கி, விடியற்காலைப் பனி புளியமர உச்சிகளில் படிந்து நிற்கும் மார்கழி, தை மாதங்களே இவ்வறண்ட நிலத்தின் இனிய காலம். பன்னிரண்டு மணி வெயிலிலும் மர நிழலில் நூறு பேர் அமர்ந்து ஒரு சொற்பொழிவைக் கேட்கலாம். சித்திரையில் அது நடவாது. இம்மாவட்டமே 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், குளிர்காலத்தில் பிறந்த பிள்ளை அல்லவா?

கல்லூரிகளில் கலைவிழாக்களும் கருத்தரங்குகளும் மருத்துவ முகாம்களும் நெருக்கமாக வருவது இப்பருவத்தில்தான். அவற்றைப் பற்றி நம் குடும்பங்களோடு சில சொற்கள் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம் பங்குகளின் பிள்ளைகள் பலர் அங்கே பயில்கின்றனர். எடுத்துக்காட்டாக நகரின் மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரியைக் கொள்வோம்.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட நாளில் 1857-இல் ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கி, 1880-இல் கல்லூரியாக உயர்ந்தது இது. 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் அரசுக் கல்லூரியாயிற்று. முடியாட்சி போயிற்று, பெயரில் மட்டும் மன்னர் இன்றளவும் வீற்றிருக்கிறார். முன்னாளில் அதிகாரிகள், வக்கீல்கள் வீட்டுப் பிள்ளைகள் நடந்த தாழ்வாரங்களில், இந்நாளில் கல் உடைப்போர், கூலி வேலை செய்வோர், சிறு விவசாயிகள் ஆகியோரின் மக்கள் நடக்கின்றனர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்களுள் பலர்.

பொங்கலுக்கு முந்திய நாட்களில் கல்லூரி வளாகம் எதுவாயினும் பார்க்கத்தக்கதாகும். பல சமயத்துப் பிள்ளைகளும் கூடிச் சமத்துவப் பொங்கல் வைக்கின்றனர். கோலமும் உறியடியும் ஒருபுறம். பறையும் சிலம்பமும் கரகமும் மறுபுறம். பறை கொட்டினாலே முகம் சுளித்த காலம் ஒன்றிருந்தது. இன்று எல்லாத் தெருக்களின் பிள்ளைகளும் அதைத் தோளில் மாட்டி அடிக்கின்றனர். மறையுரையில் நாம் பல ஆண்டுகள் சொல்லியும் இறங்காத ஒன்றை அந்த மேளம் ஒரு பிற்பகலில் இறக்கிவிடுகிறது. திரைப்படப் பாட்டுக்கு ஆடும் ஆட்டங்களும் உண்டு. ஒலிபெருக்கியின் கொடுமையும் உண்டு. அவற்றை நான் புகழவில்லை. ஆனால் அவற்றைக் காட்டி விழா முழுவதையும் தள்ளுவது, பதர் இருக்கிறதென்று நெல்லையும் சேர்த்துக் கொட்டுவதாகும்.

கலை இம்மண்ணுக்குப் புதிதன்று. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் பெற்றுத் தந்த மான்பூண்டியா பிள்ளை இவ்வூரினர். நகரிலிருந்து புறப்பட்டால் அரைநாளில் சித்தன்னவாசலையும் குடுமியான்மலையையும் கண்டு திரும்பலாம். சித்தன்னவாசலில், சமணர் குடைவரைக் கூரையில், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் தீட்டிய தாமரைக் குளம் இன்றும் இருக்கிறது. மீன், வாத்து, யானை, மலர் பறிப்போர் என அதில் எல்லாம் உண்டு. தூண்களில் ஆடும் மங்கையரின் உருவம் மங்கிவிட்டது. கையின் வளைவு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. குடுமியான்மலையிலோ, குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் இசையின் சுரங்களை வரிவரியாகப் பல்லவக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கின்றனர். அதன் இறுதியில் உருத்திராசாரியரின் மாணாக்கனான ஓர் அரசன் இதை மாணவர் நலனுக்காகச் செய்தான் என்ற கருத்து காணப்படுகிறது. தேர்வு, மதிப்பெண், வேலை ஏதும் அறியாத நாளில், மாணவனுக்கு வேண்டியது என்று எண்ணி இசையைப் பாறையில் வெட்டி வைத்தான் ஒருவன்! கலைவிழாவுக்குப் போனால் படிப்புக் கெடும் என்னும் பெற்றோரை ஒருமுறை அந்தப் பாறையின் முன் நிறுத்த எனக்கு ஆசை.

பேச்சு மேடையின் கதை இன்னும் சுவையானது. திருமயத்தில் 1887-இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி இக்கல்லூரியில் பயின்றவர். பின்னாளில் சென்னை மேயராகி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிவகுத்தவர், நாவன்மை மிக்கவர், நாடக மேடையிலும் நடித்தவர். அவருக்கு ஓராண்டு மூத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரும் இதே கல்லூரி. இருவரும் சென்னைச் சட்டமன்றத்தில் எதிரெதிராக நின்றனர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று அம்மையார் வாதாடினார். சத்தியமூர்த்தி மரபின் பெயரால் அதை எதிர்த்தார். முழுமையான தடைச் சட்டம் 1947-இல் வந்தது. அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயினும் அதனோடு சேர்ந்து சதிராட்டக் கலையும் அழியவிருந்ததை, விராலிமலையின் முத்துக்கண்ணம்மாள் தம் முதுமையிலும் காத்து நின்று, 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெண்ணின் மாண்பும் கலையின் வாழ்வும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்க வேண்டுமென்பது இன்றைய பட்டிமன்றத்துக்கும் நல்ல பொருளே.

முத்துலட்சுமி அம்மையார் இக்கல்லூரியில் சேர்ந்த விதத்தை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அறிய வேண்டும். தந்தையார் நாராயணசாமி அக்கல்லூரியின் முதல்வராய் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். ஒரு பெண் ஆடவரோடு அமர்ந்து படிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். மூடிய வண்டியில் வந்து, மாணவர் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னே அமர்ந்து அவர் பாடங் கேட்டார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. அத்திரை கிழிந்து நூறாண்டு கடந்துவிட்டது. இன்று பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்கின்றனர்.

உடல்நலக் கூட்டங்களுள் நான் பெரிதும் மதிப்பது இரத்ததான முகாமை. பதினெட்டு வயது நிரம்பி, நாற்பத்தைந்து கிலோ எடையும், இரத்தத்தில் ஈமோகுளோபின் 12.5 கிராமும் இருந்தால் கொடுக்கலாம். கொடுத்த பிள்ளைகளுக்குப் பழச்சாறும் பிஸ்கட்டும் சான்றிதழும் உண்டு. என் கண் செல்வது திருப்பி அனுப்பப்படும் பெண்களின் மேல். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்து, "உனக்கே இரத்தம் போதாது, அம்மா" என்கின்றனர். தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுள்ளவர் என 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அப்பாதியில் நம் பெண்களும் இருக்கின்றனர். காலையில் வெறுந்தேநீர் குடித்துப் பேருந்தைப் பிடிக்கும் மகளுக்கு ஊசி குத்தாமல் இது தெரிந்திராது. அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு என்று பரிமாறும் அடுப்படிகளை நான் அறிவேன். அன்னையரே, அந்த முகாமிலிருந்து மகள் கொண்டுவரும் துண்டுச் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்; முருங்கைக்கீரை கொல்லையிலேயே உண்டு.

இனி, என்னிடம் வரும் ஒரு வேண்டுகோள் பற்றிச் சொல்லவேண்டும். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் தொடங்கப்பட்டது. இதில் சேர்ந்த மாணவர் இரண்டாண்டில் 240 மணி நேரம் பணிபுரிவதுடன், ஏதேனும் ஒரு சிற்றூரில் ஏழு நாள் முகாமிலும் தங்க வேண்டும். ஊருணியைத் தூர்வாருதல், மரம் நடுதல், கண் சிகிச்சை, மாலையில் நாடகம் என்று நாட்கள் கழியும். முகாம் வரும்போது பெண்பிள்ளைகளின் பெற்றோர் சிலர், "சாமி, வீட்டில் விசேஷம் என்று ஒரு கடிதம் கொடுங்கள், பெண்ணை வெளியில் தங்க அனுப்ப மாட்டோம்" என்று வந்து நிற்பர். இல்லாத விசேஷத்துக்கு நான் கடிதம் தருவதில்லை. ஆனால் அவர்கள் அச்சத்தை எள்ளி நகையாடுவதும் இல்லை. பெண்ணைப் பெற்றவன் அஞ்சுவது இயல்பு. பெண்களுடன் இரவில் தங்கும் பேராசிரியை யார், உறங்கும் இடம் எது, கதவுக்குத் தாழ் உண்டா, கழிவறை எங்கே, தொலைபேசி எண் என்ன என்று நேரில் சென்று கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டபின், அனுப்புங்கள் என்பதே என் சொல்.

இதே மாவட்டத்தில் 1991-இல், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராயிருந்தபோது, அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமுமாய் எழுத்தறிவித்தது. கல்குவாரிப் பெண்கள் உட்படப் பல்லாயிரம் பேர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அன்று ஏளனம் செய்தோர் உண்டு. இன்று அவர்களின் பேத்திமாரை ஏழு நாள் அனுப்பத் தயங்குகிறோம். ஜனவரி 31-இல் நாம் திருநாள் கொண்டாடும் புனித தொன் போஸ்கோ, தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்க்குச் செபத்தோடு நாடகத்தையும் வாத்தியக் குழுவையும் நடைப்பயணத்தையும் சேர்த்தே தந்தார் என்பதை, அவர் படத்துக்கு மாலையிடும் நாம் நினைவில் வைத்தால் போதும்.

எம் பங்கில் ஒரு தகப்பனார் மூன்று நாள் யோசித்தே மகளை அனுப்பினார். நான்காம் நாள் மனம் பொறாமல் முகாம் நடந்த ஊருக்கே போய்விட்டார். அங்கே ஊராருக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் வரிசையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள் மகள். வந்தவரையும் வரிசையில் நிறுத்தினாள். அவருக்கு அழுத்தம் மிகுந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது நாள்தோறும் மாத்திரை உட்கொள்கிறார். அடுத்த ஆண்டு முகாமுக்கும் மகள் பெயர் கொடுத்திருக்கிறாள். கடிதம் கேட்டு அவர் வரவில்லை.