மைனஸ் 144 கோடியும் ஒரு ஸ்டர்காப்பியும்

பி.காம். படிக்கிறவனுக்கு சி மொழியில் என்னடா வேலை என்று வகுப்பில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேலை ஒன்றுமில்லை. மாமாவின் மளிகைக் கடைக்கு ஒரு கடன் கணக்கு நிரல் எழுதித் தருகிறேன் என்று போன லீவில் வாய்விட்டு மாட்டிக்கொண்டேன். எக்செல்லிலேயே முடித்திருக்கலாம். புதிதாக சி கற்ற ஆர்வக்கோளாறு :-)

சின்ன நிரல்தான், சுமார் நானூறு வரி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஸ்ட்ரக்ட். பெயருக்கு 20 பைட், அதை ஒட்டி 4 பைட்டில் பாக்கித் தொகை, அதற்கடுத்து கணக்கு எண். நான் ஆங்கிலத்தில் பெயர் அடித்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மாமா தமிழில் அடித்தார். இரண்டாம் நாளே போன்.

"என்ன மாப்ள, முருகேசனுக்கு நான் நூத்தி நாப்பத்தி நாலு கோடி குடுக்கணுமாமே? உன் மிஷினு சொல்லுது."

போய்ப் பார்த்தால் திரையில் -1448157030. முருகேசன் என்பவர் உண்மையில் கடைக்குத் தரவேண்டியது 350 ரூபாய்.

விஷயம் இதுதான். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'முருகேசன்' நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு மெய், கொம்பு, புள்ளி என்று தனித்தனியாக ஒன்பது குறிகள், ஆக 27 பைட். முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு 28. ஸ்டர்காப்பி என்கிற ஃபங்ஷன் பெட்டி எவ்வளவு பெரிசு என்று கேட்கவே கேட்காது, பூஜ்யம் வரும்வரை கொட்டிக்கொண்டே போகும். நான் பாக்கித் தொகையை முதலில் நிரப்பிவிட்டு, பெயரை அப்புறம் கொட்டினேன். 20 பைட்டுக்கு மேல் வந்ததெல்லாம் பாக்கியின் தலையில் விழுந்தது. 'ச'வின் கடைசி பைட்டும் 'ன'வின் மூன்று பைட்டும் சேர்ந்துதான் அந்த 144 கோடி!

எனக்கு நடந்தது விபத்து. இதையே ஒருவன் திட்டம் போட்டுச் செய்தால் தாக்குதல். 1988-ல் இணையத்தை முடக்கிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதே மாதிரி அளவு கேட்காத கெட்ஸ் என்ற ஃபங்ஷன். அந்த கெட்ஸை சி மொழியின் தரத்திலிருந்து தூக்க 2011 ஆகிவிட்டது. ஸ்டர்காப்பி இன்னும் இருக்கிறது.

கம்பைலர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் நண்பன் ஒருவன் "ஸ்டாட்டிக் அனாலிசிஸ் பண்ணிப் பாரேன்" என்றான். நிரலை ஓட்டாமலே, எழுதிய வரிகளை மட்டும் படித்து ஓட்டை தேடும் முறை. 1970களிலேயே பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய லின்ட் இந்த வகைக்கு முன்னோடி. நான் இறக்கிக்கொண்டது ஃப்ளாஃபைண்டர். டேவிட் வீலர் 2001-ல் வெளியிட்டது, இலவசம்.

ஓட்டினேன். முப்பதுக்கும் மேல் எச்சரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஆபத்து மதிப்பெண். என் ஸ்டர்காப்பிக்கு 5-க்கு 4. பரீட்சையில் கூட இவ்வளவு வாங்கியதில்லை.

ஆனால் அந்த முப்பதில் பெரும்பாலானவை சும்மா. ஃப்ளாஃபைண்டர் நிரலைப் புரிந்துகொள்வதில்லை. ஆபத்தான ஃபங்ஷன்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது, அந்தப் பெயர் கண்ணில் பட்டால் கத்தும். வவுச்சரில் கையெழுத்து இருக்கா, தேதி இருக்கா என்று மட்டும் டிக் அடிக்கிற ஆடிட்டரின் புது உதவியாளர் மாதிரி. இதைவிடக் கெட்டிக்காரக் கருவிகள், வெளியிலிருந்து வந்த தகவல் எந்த வழியாகப் போய் எங்கே சேர்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்கும். எது உள்ளீடு, எது நம்பத்தகாதது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பதற்கு ஹார்ட்பிளீட். ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்போடு வந்து, 2014 ஏப்ரலில் அம்பலமான ஓட்டை. எதிர்முனை "நான் இத்தனை பைட் அனுப்பியிருக்கிறேன், திருப்பி அனுப்பு" என்று சொல்லும். வந்தது ஒரே ஒரு பைட்டாக இருந்தாலும், சொன்ன கணக்கை நம்பி 64 கேபி வரை நினைவகத்தில் இருந்ததை அள்ளிக் கொடுத்தது. பில்லில் போட்ட எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு, மூட்டையை எண்ணாமல் விட்டது போல. கருவிகள் அதைப் பிடிக்கவில்லை. பிறகு கவரிட்டி என்ற கருவி புதிதாக ஒரு யுக்தி சேர்த்தது. நிரல் ஓர் எண்ணின் பைட்டுகளை முன்பின்னாக மாற்றிப் போட்டால், அது நெட்வொர்க்கிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும், நம்பாதே. பிரமாதமான யோசனை. ஆனால் திருட்டு நடந்த பிறகு வைத்த பூட்டு.

ஆடிட்டிங் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம், 1896 கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் காவல் நாய்தான், வேட்டை நாய் அல்ல. இந்தக் கருவிகளும் அப்படித்தான் என்று நானே ஒரு தத்துவம் பேசிக்கொண்டு, ஸ்டர்காப்பி இருந்த இடத்திலெல்லாம் ஸ்டர்-என்-காப்பி என்று மாற்றினேன். இது 20 பைட்டோடு நின்றுவிடும். திரும்ப ஓட்டினால் மதிப்பெண் 4 போய் 1. ஜெயித்துவிட்டேன்!

இல்லை. ஸ்டர்-என்-காப்பி 20 பைட்டையும் நிரப்பிவிட்டால் முடிவுப் பூஜ்யத்தைப் போடாது. பெயரை அச்சடிக்கச் சொன்னால் "முருகே", பிறகு ஓர் உடைந்த கட்டம், பிறகு கூரை போல ஒரு குறி. அந்தக் கூரை என்ன தெரியுமா? பக்கத்தில் இருந்த 350 ரூபாயின் முதல் பைட். அடுத்தவர் கணக்கு பெயரோடு கசிகிறது, குட்டி ஹார்ட்பிளீட்.

அதைவிட மோசம் ஒன்று. 'ச'வுக்கும் 'ஷ'வுக்கும் முதல் இரண்டு பைட் ஒன்றே. ஆக 20 பைட்டில் வெட்டினால் முருகேசனும் முருகேஷும் ஒரே ஆள். அடுத்த தெருவில் ஒரு முருகேஷ் உண்டு, அவருக்கு 4,200 பாக்கி. பெயரை வைத்துத் தேடும் என் நிரல் யார் கட்டிய பணத்தை யார் பேரில் வைக்கும்? 144 கோடி என்றால் மாமா சிரித்தார். இது யார் கண்ணிலும் படாமல் நடந்திருக்கும், கருவியும் 1 மதிப்பெண் போட்டு விட்டுவிட்டது.

நான் திருத்தியது நிரலை இல்லை, ரிப்போர்ட்டை. நம் பாஷையில் விண்டோ டிரெஸ்ஸிங். டெபியனில் 2006-ல் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். நிரலை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் கருவி ஒன்று எச்சரித்தது என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வரியை நீக்கினார்கள். எச்சரிக்கை நின்றது. ஆனால் ரகசியச் சாவிகளின் தற்செயல்தன்மையும் கூடவே போய், ஒவ்வொரு வகையிலும் 32,767 சாவிகள்தான் சாத்தியம் என்றானது. வெளியே தெரிந்தது 2008 மே மாதம்.

இப்போது பெயருக்கு 128 பைட். நீளத்தை முதலில் எண்ணி, மீறினால் "பெயர் பெரிது" என்று மறுக்கிறது. தேடுவது கணக்கு எண்ணை வைத்து. முப்பது எச்சரிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் படிக்க ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. இன்னும் இரண்டு நிஜ ஓட்டைகள் கிடைத்தன. ஃப்ளாஃபைண்டரில், இந்த வரியைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு குறிப்பு எழுதி வாயடைக்கலாம். ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் என்று ஒரு வரியோடு.

மாமா இன்னும் நோட்டிலும் எழுதி வைக்கிறார். "உன் மிஷின் சொல்றதும் நோட்டு சொல்றதும் ஒண்ணா இருக்கட்டும் மாப்ள, அப்புறம் பாக்கலாம்" என்கிறார். நேற்று வரை ஒன்றாகத்தான் இருக்கிறது.