பணிவும் தெளிவும்



விருதுநகரிலும் சிவகாசியிலும் வளரும் நம்மில் பலருக்கு ஒரு பொறுப்பு உண்டு. வீட்டில் ஆங்கில மடல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நாமே. "பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதணும், தாயி" என்று அப்பா தாளை நீட்டுவார். அடுத்த வீட்டு அச்சக அண்ணாச்சிக்கு வடநாட்டு வியாபாரியிடமிருந்து காலண்டர் பாக்கி வரவேண்டியிருக்கும். அவரும் நம்மிடமே வருவார். கருத்து அவர்களுடையது, சொல்லுக்கு நாமே பொறுப்பு. ஆகவே, மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்பது எப்படி என்று வகுப்பில் நாங்கள் கூடிப் பேசியவற்றை இங்கே எழுதுகிறோம்.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. "பேனா குடுங்க அண்ணாச்சி" என்றால் போதும். அந்த 'ங்க'வும் முறைப்பெயரும் சேர்ந்து பணிவைச் சொல்லிவிடும். ஆங்கிலத்திலோ சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே 'யூ' தான். 'குடுங்க' என்பதை அப்படியே 'கிவ் மி' என்று மாற்றினால், 'ங்க' வழியிலேயே உதிர்ந்து, கட்டளை மட்டும் போய்ச் சேரும். முன்னால் 'ப்ளீஸ்' சேர்த்தாலும் அது கனிவான கட்டளையே. ஆதலால் அம்மொழியில் வாக்கியத்தையே கேள்வியாக்குகிறார்கள்: 'குட் யூ ப்ளீஸ்', 'வுட் யூ மைண்ட்'. இங்கே 'குட்' இறந்தகாலம் அன்று. மறுப்பதற்கும் எதிரிலிருப்பவருக்கு இடம் விடும் சொல். மடலில் 'ஐ வாண்ட்' என்பதைவிட 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்' என்பது நன்று. யோசனை கூறும்போது 'யூ மஸ்ட்' வேண்டாம். 'மே ஐ சஜஸ்ட்' போதும். 'யூ ஹேட் பெட்டர்' பார்வைக்குச் சாதுவாகத் தோன்றும். ஆனால் அதனுள் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருப்பதால் பெரியவர்களிடம் ஆகாது.

அதற்காக அளவு மீறிக் குனியவும் வேண்டாம். 'ஐ பெக் டு ஸ்டேட்', 'யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்' என்பவையெல்லாம் வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற பழைய சரக்கு. கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு என்கிறது தொல்காப்பியம். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் 'ஈ' என்பார். ஒத்தவரிடம் கேட்பது 'தா'. உயர்ந்தவர் சொல்வது 'கொடு'. நம் ஆங்கில மடல் 'கொடு' என்று அதட்டவும் வேண்டாம், 'ஈ' என்று கெஞ்சவும் வேண்டாம். 'தா' என்னும் இடத்தில் நிமிர்ந்து நின்று கேட்கட்டும். சேரவேண்டிய பாக்கியைக் கேட்பதும், உரிய சான்றிதழைக் கேட்பதும் பிச்சையல்லவே!

பதில் சொல்லும் பண்புக்கு நம் விருதுநகரிலேயே சான்று உண்டு. இங்கே 1903-இல் பிறந்து, 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராசர், தம்மிடம் கோரிக்கையோடு வந்தவர்களிடம் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பாராம். பொய் வாக்குறுதியும் இல்லை, மனம் நோகும் மறுப்பும் இல்லை. ஆங்கிலத்தில் 'வி வில் லுக் இன்டு இட்' என்பது இதற்கு நெருங்கிய உறவு.

எனினும் பணிவைத் தள்ளிவைக்க வேண்டிய நேரமும் உண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற ஏவியாங்கா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் மாண்டனர். முன்னுரிமை வேண்டுமென்றும், எரிபொருள் தீர்கிறதென்றும் விமானிகள் கூறியிருந்தனர். 'எமர்ஜென்சி' என்ற ஒரு சொல்லை மட்டும் தரையிலிருந்தோரிடம் கூறவில்லை. ஆபத்தின் அளவு கேட்டவர்களுக்கு எட்டவில்லை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தை நம் பகுதி மறக்கவில்லை. மருந்து அறை வாசலில் "தீக்குச்சி கொண்டுவராமல் இருக்க இயலுமா?" என்று யாராவது பலகை எழுதுவார்களா? அறையில் அளவுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், மருந்து குவிந்து கிடக்கிறது என்று அதிகாரிக்கு எழுத நேர்ந்தால், 'மே ஐ சஜஸ்ட்' என்று தொடங்கலாகாது. 'திஸ் இஸ் டேஞ்சரஸ்' என்பதே முதல் வரியாக வேண்டும். வணக்கமும் நன்றியும் பின்னால் வரட்டும்.

தோழியரே, நம் பெற்றோர் கந்தகம் படிந்த கைகளாலும் மை படிந்த கைகளாலும் உழைத்து நம் கையில் பேனாவைத் தந்திருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதும் ஒவ்வொரு மடலிலும் பணிவாய்க் கேட்போம். ஆபத்தெனில் தெளிவாய்ச் சொல்வோம்!