ஆறு வேளை

சென்னைக்குப் போனால் எங்கே சாப்பிடுவது என்று நான் இதுவரை பெரிசாக யோசித்ததில்லை. கல்யாணம், கண்காட்சி, ஏதாவது ஆபீஸ் வேலை என்று வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். பசிக்கிற நேரத்தில் எந்தப் போர்டு கண்ணில் படுதோ அங்கே நுழைந்து சாப்பிட்டு, "நம்ம ஊரு மாதிரி வராது" என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுவேன். போன தை மாசம் போனபோதுதான் ஒவ்வொரு வேளையையும் எண்ணி எண்ணிச் செலவு பண்ண வேண்டி வந்தது.

அப்பாவுக்கு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். ஐம்பது வருஷமாக வெத்தலை, சீவல், புகையிலை. கொல்லையில் தண்ணி கட்டும்போதுகூட இடுப்பில் பொட்டலம் இருக்கும். புண்ணு மூணு மாசமாக ஆறவில்லை என்பதையே எங்களிடம் சொல்லவில்லை. அம்மாதான், "உங்கப்பா குழம்பைத் தொடவே மாட்டேங்கிறாருடா, மோரும் சோறுமா ஓட்டுறாரு" என்று சொன்னாள். தஞ்சாவூரில் துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் பயந்ததுதான் வந்தது. ஆரம்ப நிலை, ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் தடவை சென்னையில் காட்டியபோதே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நாக்கில் ஒரு பகுதியை எடுப்போம். கொஞ்ச நாளைக்கு மூக்கு வழியாக டியூப்பில்தான் ஆகாரம். அப்புறம் கூழ் மாதிரி. பேச்சும் ருசியும் எவ்வளவு திரும்பும் என்பது போகப்போகத்தான் தெரியும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அதுவரைக்கும் எது வேணும்னாலும் திங்கலாமுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எரியாம எது இறங்குதோ தாராளமா சாப்பிடுங்க பெரியவரே. வெத்தலை புகையிலை மட்டும் கூடாது."

வியாழக்கிழமை காலையில் அட்மிஷன், அன்றைக்கே ஆபரேஷன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் ரத்தம், எக்ஸ்ரே, மயக்க மருந்து டாக்டர் என்று அலைய வேண்டும். ஆக செவ்வாய் காலையிலிருந்து புதன் ராத்திரி வரை மொத்தம் ஆறு வேளை.

வேளச்சேரியில் இருக்கிற என் அக்கா மகள் ரொம்ப விவரமான பெண். "மாமா, தாத்தாவுக்கு நான் லிஸ்ட் போடுறேன்" என்று வாட்ஸப்பில் பதினாலு ஓட்டல் அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஸ்டார், ஜனங்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும் என்பது வரை. ரயிலில் அப்பா தூங்கினதும் உட்கார்ந்து அதைப் படித்தேன். (தஞ்சாவூர் – எழும்பூர் ராத்திரி ரயிலுக்கு உழவன் எக்ஸ்பிரஸ் என்று பேர். பெட்டியில் உழவன் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை.)

படிக்கப் படிக்கத்தான் ஒன்று புரிந்தது. ஓட்டலைப் பாராட்டி எழுதுகிறவர்கள் எல்லாரும் மொறுமொறுப்பையும் காரத்தையும்தான் பாராட்டுகிறார்கள். 'செம ஸ்பைசி', 'நெய் ரோஸ்ட் நொறுங்குது', 'சூடா கொண்டு வந்து வெச்சாங்க'. அப்பாவுக்கு இந்த மூணுமே ஆகாது. முறுகல் தோசையின் ஓரம் புண்ணில் உரசினால் கண்ணில் தண்ணி வந்துவிடும். அப்பளம், வடை ஓரம், சூடான காபி எல்லாம் அப்படித்தான். அதனால் எதை எல்லாரும் புகழ்ந்திருந்தார்களோ அதையெல்லாம் பார்த்து ஒவ்வொரு கடையாக அடித்துக்கொண்டே வந்தேன். விழுப்புரம் தாண்டும்போது லிஸ்டில் நாலுதான் மிச்சம்.

திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம். ஆஸ்பத்திரிக்கும் பக்கம், சாப்பாட்டுக்கும் பக்கம். மேன்சன்களில் தங்கி வேலை தேடுகிற பையன்களை நம்பிப் பல வருஷமாக மெஸ்ஸுகள் நடக்கிற இடம். தினமும் வருகிற ஆளை ஒரு நாள் ஏமாற்றினால் மறுநாள் வரமாட்டான். அதனால் இந்த மாதிரி இடத்தில் சாப்பாடு நம்பி சாப்பிடலாம் என்பது என் கணக்கு. சுற்றுலாக்காரர்கள் வருகிற தெருவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முதல் வேளை ரத்னா கஃபே. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு அங்கே போனோம். 1948-இல் ஆரம்பித்த கடை. ஆரம்பித்தவர்கள் வடநாட்டுக்காரர்கள், ஆனால் பேர் வாங்கியது இட்லி சாம்பாரில். சென்னையில் இருக்கிற உங்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி. இட்லியை வைத்து அது முழுகுகிற வரைக்கும் சாம்பாரை ஊற்றுகிறார்கள். கிண்ணத்தில் எண்ணி வைக்கிற வேலை இல்லை. காரம் மட்டு. அப்பா ஆற வைத்து, இட்லியைக் கரைத்து, கூழாக்கி ஸ்பூனால் சாப்பிட்டார். "குளத்துல முழுகின மாதிரி இருக்கு இட்லி" என்றார். இரண்டு தடவை சாம்பார் வாங்கிக்கொண்டார். மூணு மாசத்தில் அவர் குழம்பு கேட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

மத்தியானம் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி உள்ளே. கல்யாண வீடு மாதிரிதான். அப்பாவுக்கு நின்று காத்திருப்பதில் வருத்தமே இல்லை. உள்ளே என்ன இலை போடுகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் வாழை. அதில் பாதி பூவன், தாருக்காக இல்லை, இலைக்காக. இலை வெட்டு எங்கள் வீட்டில் அப்பா வேலை. விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வெட்டி, அடுக்கி, மடித்துக் கட்டினால்தான் வாடாமல் போய்ச் சேரும். ஆடிக் காற்றில் பாதி இலை கிழிந்து நாராகிவிடும். முகூர்த்த நாளில் ஓர் இலை ஐந்து ரூபாய்க்குக் கேட்பார்கள், மார்கழியில் அதே இலை ஒரு ரூபாய்க்கும் போகாது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, சாப்பாட்டு மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் அதில் சேர்ந்திருந்ததால் கொஞ்ச நாள் எங்கள் இலைக்கு நல்ல கிராக்கி. ஓட்டலில் இலை போட்டால் அப்பா முதலில் சோற்றைப் பார்க்க மாட்டார்; இலையைத்தான் பார்ப்பார்.

அன்றைக்கும் தண்ணி தெளித்துத் துடைத்துவிட்டு, நடு நரம்பை விரலால் ஒரு தடவு. "பூவன்தான். முந்தாநேத்து வெட்டுனது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் திரும்பிப் பார்த்தான். அப்பா அவனிடம், "தம்பி, நுனி உன் இடது கைப் பக்கம் வரணும்" என்று அவன் இலையையும் திருப்பி வைத்தார். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பருப்பும் நெய்யும் போட்டு நிறையப் பிசைந்தார். ரசத்தில் மட்டும் மிளகு எரித்தது. அதை விட்டுவிட்டு மோருக்கு வந்துவிட்டார். சர்வர் தம்பி இரண்டாவது தடவை சோறு கொண்டு வந்தபோது அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை.

மூணாவது வேளையைக் கெடுத்தது நான். லிஸ்டில் நாலரை ஸ்டார் வாங்கிய ஒரு கடை, 'பாரம்பரிய கிராமத்துச் சாப்பாடு' என்று போட்டிருந்தது. அக்கா மகளும் ஆபீஸ் முடிந்து அங்கேயே வந்துவிட்டாள். வாசலில் மாட்டு வண்டிச் சக்கரம், சுவரில் ஏர், கலப்பை. ஏசி குளிர். அப்பா அந்த ஏரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேழி தலைகீழா மாட்டியிருக்கு" என்றார். அப்புறம் தட்டு வந்தது. தட்டின் மேல் வாழை இலை மாதிரியே பச்சையாக, நரம்பெல்லாம் போட்டு வட்டமாக வெட்டின காகிதம். அப்பா பழக்கத்தில் தண்ணி தெளித்துத் தடவினார். தடவின விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாரி தாத்தா" என்றாள். "நீ என்னம்மா பண்ணுவ, நல்லாத்தானே இருக்கு" என்று அவளுக்காகத் தயிர் சாதம் முழுசும் சாப்பிட்டார். அதில் மாதுளை முத்துப் போட்டிருந்தான். விதை புண்ணில் பட்டிருக்கும், ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கித்தான் மென்றார். பில் ஆயிரத்து முன்னூறு. எங்கள் கணக்கில் ஆயிரம் இலை.

ராத்திரி லாட்ஜில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இருந்த ஆறில் ஒன்றை இப்படி வீணாக்கிவிட்டோமே என்று அந்தக் கடைக்காரன் மேல் கோபம், என் மேல் கோபம். அப்பா இருட்டில், "தூங்குடா" என்றார்.

புதன்கிழமை காலையில் யோசிக்க நேரமே இல்லை. மயக்க மருந்து டாக்டர் எட்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டார். வழியில் இருந்த அம்மா உணவகத்தில் நின்றோம். 2013-இல் ஆரம்பித்தபோது வைத்த விலை, இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். அப்பா விலையைக் கேட்டுவிட்டு, கையில் தட்டோடு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "ஒரு ரூவாய்க்கு இட்லி கொடுக்கணும்னா நெல்லுக்கு என்ன விலை கொடுப்பான்?" அரசாங்கம் கைக்காசு போடுது என்று சொன்னேன். சுற்றிப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஆட்கள், கட்டட வேலைக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், எல்லாரும் நின்றுகொண்டே வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "போடட்டும்" என்றார். பொங்கல் குழைவாக இருந்தது. மிளகை மட்டும் பொறுக்கி ஓரமாக வைத்தார்.

ஆஸ்பத்திரியில் வேலை முடிய மூணு மணி ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு போச்சு. பசி மந்தித்துப் போய் அப்பா ஒரு டீ போதும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போனோம். கபாலி கோயிலில் அப்பா என்ன வேண்டிக்கொண்டாரோ, ரொம்ப நேரம் நின்றார். வெளியே மாட வீதியில் காளத்தி ரோஸ்மில்க் கடை. 1927-லிருந்து இருக்கிற கடை; பேப்பர், பத்திரிகை விற்கிற இடத்தில் ஒரு ஓரமாக ரோஸ்மில்க். அக்கா மகள் லிஸ்டில் இது இல்லை. கூட வந்த ஆட்டோக்காரர் சொன்னது. சின்ன கிளாஸ், நல்ல சில்லிப்பு. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே வாயில் வைத்திருந்தார். எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். "இன்னொண்ணு சொல்லு" என்றார். மூணு கிளாஸ் குடித்தார். என் அப்பா தானாக எதையும் மூணு தடவை கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆறாவது வேளைக்கு நான் இளசான ஆப்பமும் தேங்காய்ப் பாலும் கிடைக்கிற கடையாகப் பார்த்து வைத்திருந்தேன். லாட்ஜுக்குத் திரும்பிச் சட்டை மாற்றிக்கொண்டே அப்பா சொன்னார்: "மவுண்ட் ரோட்டுல புகாரின்னு ஒரு கடை உண்டு. இப்ப இருக்காடா?"

1951-இல் ஆரம்பித்த கடை, இருக்காமல் எங்கே போகும். சிக்கன் 65 அங்கேதான் பிறந்தது என்பார்கள். அப்பா கல்யாணத்துக்கு முன்னால், இரண்டு கூட்டாளிகளோடு பட்டணம் பார்க்க வந்தபோது அங்கே பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் எங்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "காரம்பா, எரியும்" என்றேன். "எரியட்டும். நாளைக்கு அந்த எடமே இருக்காது."

மட்டன் பிரியாணி ஒன்று வாங்கிப் பாதியாக்கிக்கொண்டோம். முதல் கவளத்திலேயே அப்பாவுக்குக் கண்ணில் தண்ணி கொட்டியது. தயிர்ப் பச்சடியை வாயில் வைத்துக்கொள்வார், கொஞ்சம் பொறுப்பார், அடுத்த கவளம். போதும்பா என்று சொல்ல வாய் வந்துவிட்டது, சொல்லவில்லை. சர்வர் பாய் வயசானவர். பதறிப்போய், "என்னங்க ஐயா, காரமா இருக்கா? தண்ணி தரவா?" என்றார். அப்பா கையைக் காட்டி வேண்டாமென்றார். அவருக்கு வைத்த அத்தனையும் சாப்பிட்டார், எலும்பைக்கூட விடவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கறி இதைவிடப் பெரிசா இருந்துச்சு" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதினேழு நாள் டியூப். வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணி, இப்போது குழைத்த சோறு வரை வந்திருக்கிறோம். உப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, புளிப்பு அவ்வளவாக இல்லை என்று சைகையில் சொல்கிறார். பேச்சு வருகிறது, ஆனால் எங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் புரிகிறது. இலை வெட்டுக்கு விடியற்காலையில் அவரே வந்து வரப்பில் உட்கார்ந்துகொள்கிறார். நான் அடுக்குவது சரியில்லை என்றால் கல்லை எடுத்து எறிகிறார்.

அடுத்த மாசம் செக்கப். அக்கா மகள் போன் பண்ணி, "மாமா, இந்தத் தடவை லிஸ்ட் வேணாம், தாத்தாவையே கேளுங்க" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் கேட்டேன். கட்டின இலையில் ஒன்றை உருவி, தரையில் விரித்து, தண்ணி தெளிக்கிற மாதிரி காட்டினார். அப்புறம் கட்டைவிரலை வாய்க்கு நேராகத் தூக்கி, மூணு விரலைக் காட்டினார்.