மூலமும் மறுபதிப்பும்

திருத்தந்தையர் ஆண்ட நாட்டில், மணிமுடியும் திறவுகோல்களும் பொறித்த அஞ்சல் தலைகள் 1852 முதல் 1870 வரை வழங்கின. அவ்வாட்சி மறைந்தபின், 1867, 1868ஆம் ஆண்டுத் தலைகளைத் தனியார் மீண்டும் அச்சிட்டு விற்றனர். பிரித்தறிவது எளிதன்று, ஆயினும் அடையாளங்கள் உண்டு. 1868ஆம் ஆண்டு மூலத்தின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 13 துளைகள். துளையிட்ட மறுபதிப்புகள் பெரும்பாலானவற்றில் 11½. மூலத்தாளில் தலைகளுக்கிடையே ஓடும் கிடைக்கோடு அறுபடாது. மறுபதிப்பில் பெரும்பாலும் அறுபட்டிருக்கும்.

மகளின் திருமணச் செலவுக்கென, மறைந்த கணவர் சேர்த்த இத்தலைகளை ஒரு தாய் எம்மிடம் கொணர்ந்தார். அளந்தோம், பதினொன்றரை. மறைக்காது உரைத்தோம்.

"விற்குமுன் தெரிந்ததே நல்லது, சுவாமி. வாங்குபவர் வீட்டிலும் மணமாக வேண்டிய பெண் இருப்பாளே" என்றார்.

அச்சொல்லை அளக்க எமக்குக் கருவி தேவைப்படவில்லை.