அத்திப்பள்ளி தாண்டினால் மாறும் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்கிறவர்கள் மளிகை விலையை ஒப்பிட்டால் போதாது. பெரிய செலவுகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

1964இல் ஓடத் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸ், காலையில் சென்னையில் ஏறியவர்களை மதியம் பெங்களூரில் இறக்கிவிடுகிறது. அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை நிற்கிறது. சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழிலேயே பேரம் பேசலாம். காற்றும் குளுகுளுவென்று வீசுகிறது. கூடவே சம்பளமும் கொஞ்சம் கூடுகிறது என்றால் பெட்டி கட்ட வேண்டியதுதானே?

கொஞ்சம் பொறுக்கலாம். அரிசி, பருப்பு, சோப்பு விலைகளில் இரு நகரங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முதலில் தெரிவது வீட்டு வாசலில்தான்.

பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்தோடு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சென்னையிலும் இதே வழக்கம் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. மாத வாடகை 30,000 ரூபாய் என்றால் பத்து மாத அட்வான்ஸ் 3 லட்சம். அந்தப் பணம் வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கிடந்தால் மாதம் 1,750 ரூபாய் தரும். ஆக உண்மையான வாடகை 31,750. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வேறு. 'லீஸ்' என்ற பெயரில் மொத்தமாகப் பல லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் முறையும் உண்டு. கவர்ச்சியான ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்காரர் அந்த வீட்டின் மேல் வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டால் வங்கிக்காரர்கள் வந்து நிற்பது குடியிருப்பவரின் வாசலில். பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். பெங்களூருக்கு வரும் காவிரி, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்ப் செய்து மேலே ஏற்றப்படுகிறது. நகரத்தோடு பிற்பாடு சேர்ந்த 110 கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது, 12,000 லிட்டர் லாரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயிக்க வேண்டியிருந்தது. சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். எனவே வீடு பார்க்கும்போது எத்தனை அறை என்று கேட்பதற்கு முன், காவிரி இணைப்பு உண்டா, லாரித் தண்ணீர் செலவு வாடகையில் அடக்கமா என்று கேட்பது நல்லது.

மின்கட்டணத்தில் பெங்களூர் கைகொடுக்கும். சென்னையில் ஏ.சி. இல்லாமல் மே மாதத்தைக் கடப்பது கடினம். இங்கே பல வீடுகளில் மின்விசிறியே போதும். ஆனால் மிச்சமாகும் பணத்தைப் பயணம் விழுங்கிவிடக்கூடும். எலக்ட்ரானிக் சிட்டி தெற்கே, ஒயிட்ஃபீல்டு கிழக்கே. ஒன்றில் வேலை, மற்றொன்றில் வீடு என்றால் நாளின் மூன்று மணி நேரம் சாலையில் போய்விடும். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 60இலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது. சென்னை மெட்ரோ 2021இல் அதை 70இலிருந்து 50 ஆகக் குறைத்திருந்தது. வேலை எங்கே என்பதை முடிவு செய்துகொண்டு வீடு தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

இவையெல்லாம் காகிதத்தில் எழுதிக் கூட்டிவிடக் கூடிய செலவுகள். பலரும் எழுத மறப்பது, மாநில எல்லையோடு நின்றுவிடும் சலுகைகளை. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் இலவசம் உண்டு. ஆனால் அந்த மாநில முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையில் முகவரி மாறும்வரை டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் கிடைக்கின்றன. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளுக்கு தானியம் தரும். பருப்பும் எண்ணெயும் அதில் இல்லை. வண்டியைக் கொண்டுவந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண், புது சாலைவரி.

பகிர்ந்து குடியிருக்கும் இளைஞருக்கு இவை பொருட்டே அல்ல. சம்பளம் உயர்ந்தால் அவருக்கு லாபம்தான். ரேஷன் அட்டையை நம்பி இரண்டு குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உயர்வு உயர்வே அல்ல.

குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. 2015இல் இயற்றப்பட்ட கர்நாடகச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயம். வாழும் ஊரின் மொழியைக் கற்பது நல்லதுதான். ஆனால் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடும். அதற்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க பெற்றோரில் ஒருவர் வேண்டும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்த சிலர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அவர்கள் ஓசூரில் குடியிருக்கிறார்கள். சுமார் 20 கிலோமீட்டர்தான். தமிழ்ப் பள்ளி, ரேஷன் கடை, இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் எல்லாம் கூடவே இருக்கும். அதற்கு விலையும் உண்டு. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியும் தினசரி நெரிசலும் தப்பாது. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. வேலை ஒயிட்ஃபீல்டில் என்றால் இந்த வழி உதவாது.

முடிவெடுக்கும் முன் குடும்பத்தோடு ஒரு வாரம் வந்து, வேலை இருக்கும் பகுதியிலேயே தங்கிப் பார்க்கலாம். சேர வேண்டிய நேரத்தில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஒரு முறை போய்வந்தால், காகிதத்தில் வராத செலவுகளும் தெரிந்துவிடும்.